அணிலுக்கு நாற்பது மீட்டர்

ஹெல்சின்கியின் வரைபடத்தை விரித்தால்
எல்லாத் தண்டவாளமும் கடலைப் பார்த்தே ஓடும்.
ஒரு புறநகர் இன்னொன்றின் முகத்தைப் பார்த்ததில்லை.
லெப்பேகும்புவிலிருந்து ஹாபலெஹ்தோவுக்குக்
காக்கை பறந்தால் ஆறு கிலோமீட்டர்.
பஸ் என்றால்
நகரத்தின் நடுவுக்குப் போய், இறங்கி, நின்று,
வேறொன்றில் ஏறி மறுபடி வெளியே வர
எழுபத்திரண்டு நிமிடம்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை
ஒரு மாநகரமே தினமும் செய்துகொண்டிருந்தது
மாதாந்திர பாஸ் எடுத்து.

அதை மாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

வெய்க்கோ பென்சிலை நீட்டினார்:
"ஒரு வளையம் போடு. மையத்தைத் தொடாமல்."
போடுவதற்கு நாற்பது நொடி.
அதன்பின் நான்கு வருடம்
அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

முதலில் பாறை.
பிறகு மருத்துவமனை: பக்கத்தில் ரயில் ஓடினால்
ஸ்கேன் எந்திரம் பொய் சொல்லுமாம்.
பிறகு ஓர்வோக்கியின் ஆப்பிள் மரம்.
அவர் கூட்டத்துக்கு ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுக்
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.
கடித்தேன். புளிப்பு.
நல்ல மரம் என்று சொல்லமாட்டேன்.
ஆனாலும் அந்தப் புளிப்பைச்
செலவுக் கணக்கின் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று
இன்றுவரை தெரியவில்லை.
மரம் போய்விட்டது.

பிறகு ஏப்ரல்.
உருகும் பனியில் முழந்தாளிட்டு
ஆஸ்பென் மரத்தடியில் எதையோ பொறுக்கினாள் ஹில்லேவி.
உள்ளங்கையில் மஞ்சளாக, நெல்மணி நெல்மணியாக.
"பறக்கும் அணிலின் எச்சம்" என்றாள்,
பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவளைப் போல.
சட்டம் அதன் பக்கம்.
கோட்டை நாற்பது மீட்டர் தள்ளினோம்.
எழுபது லட்சம் யூரோ.
அணிலை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

லெப்பேகும்பு நூலகத்தில் கடைசிக் கூட்டம்.
காபி ஆறிவிட்டது. கேள்விகளும்.
இஃப்ரா என்றொரு பெண் கை உயர்த்தினாள்.
"முதல் ரயில் எத்தனை மணிக்கு?"
ஐந்து நாற்பது என்றேன், பெருமையாகத்தான்.
"ஐந்து மணிக்கு நான் ஹாபலெஹ்தோ மருத்துவமனையில்
மூன்றாம் மாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்."
கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹில்லேவியிடம்:
"அந்த அணில் எப்போது எழும்?"
"இரவுப் பிராணி. விடியும் முன் தூங்கப் போய்விடும்."
"அப்படியென்றால் எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட்" என்றாள்.

அரங்கமே சிரித்தது. அவளும்தான்.
நான் என் அட்டவணையைப் பார்த்தேன்.
எங்கள் கணக்கெடுப்பு காலை ஆறுக்குத் தொடங்கியது.
ஆகவே ஆறுக்கு முன்
இந்த ஊரில் ஆட்களே கிடையாது.

வியாழக்கிழமை, மூன்று இருபது, மைனஸ் பதினான்கு.
அவளுடைய நிறுத்தத்தில் நானும் நின்றேன்.
எண்ணினேன்: பதினேழு பேர்.
ரொட்டிக்கடைக்கு, விமான நிலையத்துக்கு,
கிடங்குக்கு, மூன்றாம் மாடிக்கு.
யாரும் யாரோடும் பேசவில்லை;
மூச்சு மட்டும் ஒன்றோடொன்று கலந்தது.

முந்தின நாளே அட்டவணையின் ஓரத்தில்
பென்சிலால் 4:25 என்று எழுதியிருந்தேன்.
வெய்க்கோ அதைப் பார்த்தார்.
ஓட்டுநர் கூலி, பனி அள்ளும் வண்டி,
யார் தருவது என்று கேட்டார்.
அழிக்கவில்லை.
மடித்துப் பையில் வைத்தார், அவ்வளவுதான்.

இஃப்ரா கையுறையால் மேலே காட்டினாள்.
ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு
சாம்பல் நிறத்தில் ஏதோ,
கைக்குட்டை விரித்த மாதிரி,
நேராக.
கிளையிலிருந்து பனி உதிர்ந்ததாகவும் இருக்கலாம்.
இன்னொரு முறை பார்ப்பதற்குள்
பஸ் வந்துவிட்டது,
நெற்றியில் 'நகர மையம்' என்று எழுதிக்கொண்டு.