மூக்குக்குப் பதில்

அக்டோபரில் வடக்கு டகோட்டாவில்
சர்க்கரை பீட் மலைமலையாய்க் குவிகிறது.
இரவு ஷிப்ட் முடிந்து
பூட்ஸில் ஒரு கிலோ களிமண்ணோடு
வீட்டுக்கு வருகிறேன்.
வீடு என்றால் முப்பதடி நீளம், ஆறு சக்கரம்,
கூரையில் மூன்று இடத்தில் தார்.

வாஃபிள் உள்ளே வர மறுத்தது.
படியிலேயே நின்று தும்மியது.
மீசையில் பனி ஒட்டிய நேரத்தில்
தரையில் படுக்கமாட்டேன் என்று ஒரு நாய் சொன்னால்
தரையைப் பற்றி அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரியவில்லை.
இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகும்போது வாசனையைக் கையோடு கொண்டுபோனது.
மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறேன்.
மூக்கு கண்ணாடியைத் தாங்குகிறது,
மற்ற வேலையெல்லாம் முழிக்கு.

பக்கத்து டிரெய்லர் ஆர்விட் எட்டிப் பார்த்தான்.
முகம் கோணியது.
"கூமுட்டை" என்றான்.
என்னையா காற்றையா என்று கேட்கவில்லை.
முகர்ந்து சொன்ன அதே ஆள்
அடுத்த நொடி சிகரெட்டுக்கு லைட்டரை எடுத்தான்.
தட்டிவிட்டேன். சேற்றில் போய் விழுந்தது.

தொட்டியின் வால்வை மூடினேன்.
ஜன்னல், கதவு, எல்லாம் திறந்தேன்.
விளக்கு சுவிட்சைத் தொடவில்லை.
புரொபேன் புகையைப்போல் மேலே போய்த் தொலையாது,
தண்ணீரைப்போல் பள்ளம் தேடும்,
நாய் படுக்கும் இடத்தில் வந்து படுக்கும்.

வெளிச்சம் வந்ததும் கடைக்குப் போனேன்.
இருபத்திரண்டு டாலருக்கு ஒரு கத்தும் கருவி.
அடுப்பைப் பார்த்துக் கத்தியது,
நான் கைக்குத் தடவிய கிருமிநாசினியைப் பார்த்து
இன்னும் பலமாகக் கத்தியது.
வாயாடியைச் சாட்சிக்கு வைக்க முடியாது.

இரண்டு டாலர் பிளாஸ்டிக் குழாயை
பள்ளிக்கூட அளவுகோலோடு சேர்த்து வளைத்துக் கட்டினேன்.
உள்ளே தண்ணீர்.
நிறத்துக்கு கிரான்பெர்ரி சாறு.
(ஊரே பீட் கிழங்கு, ஆனால் எல்லாம் வெள்ளை,
ஒரு சொட்டுச் சாயத்துக்கு ஆகாது.)
ஒரு முனை அடுப்பின் மூக்கில்.
வால்வைத் திறந்தேன், மூடினேன்,
கொஞ்சம் காற்றை விட்டு
எட்டு அங்குலத்தில் நிறுத்தினேன்.
மூன்று நிமிடம் அசையக்கூடாது.

முதல் நிமிடம் யோக்கியமாக இருந்தது.
பிறகு அந்தச் சிவப்புக் கோடு
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது.

எங்கே என்பதைச் சோப்புதான் சொல்லவேண்டும்.
அமோனியா இல்லாத பாத்திரச் சோப்பு,
புதுத் தெளிப்பான், ஒரு டாலர்.
வால்வை மறுபடி திறந்து
இணைப்பு இணைப்பாக நனைத்தேன்.
ஃபிரிட்ஜின் பின்பக்கம்: ஒன்றுமில்லை.
ஹீட்டர்: குளவிக் கூடு, வேறொன்றுமில்லை.
ரெகுலேட்டர்: நல்ல பிள்ளை.
வயிற்றில் ஊர்ந்து அடுப்புக்குப் பின்னால்
கையை விட்டு, டார்ச்சை விட்டு,
பித்தளை நட்டின் கழுத்தில் தெளித்தேன்.

ஒரு குமிழி.
வெந்நீர் கொதிக்குமுன் பாத்திரத்தின் ஓரம் யோசிக்குமே, அப்படி.
அப்புறம் அதற்கு ஒரு தங்கை.
அப்புறம் ஒரு குடும்பமே.

ஆகஸ்டில் அந்த நட்டை முறுக்கியது நான்.
ஒரே ஸ்பானரால், அவசரத்தில்,
இன்னொன்றால் எதிர்ப்பக்கம் பிடிக்காமல்.
ஒரு மாதமாகக் கம்பெனிக்காரன்,
கடைக்காரன், போன புருஷன் என்று
திட்டுவதற்கு ஆள் தேடி வைத்திருந்தேன்.
எல்லோரையும் விடுதலை செய்யவேண்டியதாயிற்று.

வால்வை மூடி, நட்டைக் கழற்றி,
முனையைத் துடைத்துப் பார்த்தேன்; கீறல் இல்லை.
இரண்டு ஸ்பானர். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப.
மறுபடி நுரை: வழிந்தது, ஊதவில்லை.
மறுபடி எட்டு அங்குலம்.
மூன்று நிமிடத்தை ஐந்தாக்கிப் பார்த்தேன்.
சிவப்புக் கோடு நின்ற இடத்தில் நின்றது.
மூச்சு விட மறந்திருந்தது நான்தான்.

வாஃபிள் வந்தது.
தரையை நிதானமாக முகர்ந்தது,
இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

நீலச் சுடரில் காபி வைத்தேன்.
ஆர்விட் புது லைட்டரைப் பையிலேயே விட்டுவிட்டு
கதவோரம் நின்றான்.
மணக்கிறது, என்றான்.
சோப்பு இல்லை, குழாய் இல்லை, சோதிக்க வழியில்லை.
நம்பினேன்.