மூன்றாவது தாள்

கவர்னர் அவர்களுக்கு
என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.
மைக்கூட்டில் மை உறைகிறது; ஊதி ஊதிக் கரைக்கிறேன்.
பிப்ரவரி. கென்னபெக் ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
கப்பல்துறையில் ரம்பச் சத்தம்கூட இல்லை.

முதல் தாளில் எழுதியது:
சார்ஜென்ட் அசஹேல் தர்லோ,
என் கயிற்றாலையில் ஒன்பது ஆண்டு,
குடிக்காதவர், கையெழுத்து அழகு,
ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவர்.
வாசித்துப் பார்த்தேன்.
குதிரை விற்கிறவன் இப்படித்தான் எழுதுவான்.
அடுப்பில் போட்டேன்.

இரண்டாம் தாளில் போரைச் சேர்த்தேன்.
கேப்டன் விழுந்த மாலையில்
மிச்சமிருந்த முப்பத்தொரு பேரையும்
இருட்டில், இடுப்பளவு வெள்ளத்தில்
இக்கரை சேர்த்தாராம்.
நான் அங்கே இல்லை.
செய்தித்தாளில் வந்ததை நானும் சொல்வதற்கு
எதற்கு ஒரு முத்திரை, எதற்கு ஒரு தபால்தலை?
அதுவும் அடுப்புக்கு.

ஐயா, நான் கண்ணால் கண்டது ஒன்றுண்டு.
ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, இலையுதிர்காலம்.
பாஸ்டன் வியாபாரிக்கு நூற்றிருபது பாகம் நங்கூரக் கயிறு.
வெளிப்புரி புதுச் சணல்.
உள்ளே, நடுவில், நனைந்து மட்கிய பழைய சரக்கு.
தாரில் தோய்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.
யார் சொல்லிச் செய்தது என்று கேட்க வேண்டாம்;
ஆலைப் பலகையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

தர்லோ ஒரு முழத் துண்டை வெட்டி எடுத்து வந்து
இதே மேசைமேல் போட்டார்.
புரியைப் பிரித்தார். விரலால் நசுக்கினார்.
மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது.
"இதை நம்பி ஒரு கப்பல் தூங்கும், பெட்டிங்கில்" என்றார்.
பெயருக்கு முன் மிஸ்டர் இல்லை.
குரலையும் உயர்த்தவில்லை.
அன்று சனிக்கிழமை.
கூலியை எண்ணிக் கொடுத்து
திங்கள் வர வேண்டாம் என்றேன்.
எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கயிறு பாஸ்டனுக்குப் போகவில்லை.
வெட்கத்தாலா பயத்தாலா, இன்றும் தெரியாது.
பிரித்து, பலகை இடுக்கில் அடைக்கிற நாராக விற்றேன்.
நட்டம் நானூறு டாலர்.

படியளக்கிறவன் முகத்துக்கு நேரே சொன்னவர்
ஜெனரலிடமும் சொல்வார்,
அந்தப் பாலம் தாங்காது என்று.
லெப்டினன்ட் ஆக வேறென்ன வேண்டும்,
எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவர் மனைவி தர்ஸா வந்திருந்தாள்.
"அதிகாரிகள் வரிசைக்கு முன்னால் நிற்பார்களாமே?"
ஆம் என்றேன்.
"சம்பளம்?"
சொன்னேன்.
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.
எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
அவள் போன பிறகு கதவு சரியாகச் சாத்தவில்லை,
இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது கடற்படைதான் என் கயிற்றை வாங்குகிறது.
இந்தக் கடிதம் உங்கள் மேசையிலிருந்து
அவர்கள் மேசைக்கு நடந்தாலும் நடக்கும்.

நான்கு மணிக்குத் தபால் சறுக்குவண்டி.
மெழுகை விளக்கில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.
இந்தக் குளிரில் லேசில் உருகுவதில்லை.