கடைசியாக இறக்கப்பட்டது

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஒரு டிரம் நின்றுபோனது, பன்னிரண்டு பதினேழுக்கு.
உள்ளே சுண்ணாம்பில் நானூறு ஆட்டுத்தோல்.
சுற்றாமல் கிடந்தால் விடிவதற்குள்
திட்டுத்திட்டாகப் போய்விடும் என்று
தோல்ஷாப்பிலிருந்து இம்தாதுல்லா பாய் மூன்று முறை சொல்லிவிட்டார்,
மூன்றாம் முறை மட்டும் குரலை உயர்த்தாமல்.

சத்துவாச்சாரி, மூன்றாவது மாடி.
கத்திரி வெயில் இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை.
விழுந்த இயந்திரம் விழும்போதே
தன் நினைவு முழுவதையும் ஒரு கோப்பில் கொட்டியிருந்தது.
எட்டு ஜிபி மரண வாக்குமூலம்.
குத்தியவன் பெயரைத் தவிர எல்லாம் இருக்கிறது.

கீழிருந்து படிக்கிறேன்.
கர்னலின் ஆட்களுக்கெல்லாம் பெயர் உண்டு.
இன்டரப்ட் வந்தது. டைமர் எழுந்தது.
டைமர் யாரையோ கூப்பிட்டது.
அந்த யாரோ,
எட்டு எஃப், ஒரு சி, பிறகு ஏழு இலக்கம்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்கள் ஊரை அடுக்கிச் சொல்வார்கள்,
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று.
பெண்களைப் பற்றியும் ஒரு வரி வரும்;
அதைச் சொல்கிறவனுக்கு நான் டீ வாங்கித் தருவதில்லை.
இன்றைக்கு நானும் ஒன்று சேர்த்தேன்:
பெயரில்லாத விலாசம்.

டிரம் மாட்யூல் தணிகாசலம் எழுதியது.
இடம் மிச்சம் பிடிக்கக் குறியீடுகளை வழித்துவிட்டுத்தான்
அனுப்பியிருக்கிறான்,
சுண்ணாம்பில் ஊறி முடி உதிர்ந்த தோல் மாதிரி.
இனி எந்த ஆடு என்று ஆட்டுக்காரனாலும் சொல்ல முடியாது.

பழைய சர்வரில் தை மாதத்து பில்ட் ஒன்று கிடைத்தது, முடியோடு.
உத்தேசமாக ஒரு தொடக்க விலாசம் கொடுத்து ஏற்றினேன்.
பெயர் வந்தது!
வேகம் குறைக்கும் பகுதி.
நாற்பது நிமிடம் அதைக் கூண்டில் நிறுத்தி
வரி வரியாக விசாரித்தேன்.
அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.
பில்ட் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான்
வேறு ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.
வெறும் எண் என்னை ஏமாற்றவில்லை.
பெயர் ஏமாற்றியது.

இரண்டு நாற்பதுக்குத் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன்.
வேலையை விட்டு ஏழு மாதம்;
குடியாத்தத்தில் மச்சானோடு பேட்டரி வண்டி விற்கிறான்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"முழிச்சிதான் கீறேன்.
டிரம் நின்னுப்போச்சுன்னு எனக்கு இன்னும்
எஸ்.எம்.எஸ். வந்துகினு கீது.
இன்னாத்துக்கும்மா எனக்கு?"

அவன் பேசப் பேச, காதில் போனோடு,
பதிவேட்டின் அடிப்பகுதிக்குப் போனேன்.
ஏற்றிய மாட்யூல்களின் பட்டியல் முடிகிற இடத்தில்,
யாரும் வாசிக்காத அடைப்புக்குறிக்குள்,
கடைசியாக இறக்கப்பட்டது: டிரம்.

பன்னிரண்டு பதினாறுக்கு.
பழையதை இறக்கிப் புதியதை ஏற்றச் சொல்லி
ஸ்கிரிப்ட் வைத்தது நான்தான்.

பெயர் தொலையவில்லை. அங்கே வீடே இல்லை.
காலி செய்துபோனவன்
அலாரத்தை மட்டும் அணைக்காமல் போயிருக்கிறான்.
சொன்ன நொடியில் அது எழுந்து,
தெரிந்த விலாசத்துக்கே நடந்து,
தரை இருந்த இடத்தில் கால் வைத்தது.

"பின்ன?" என்றான் தணிகாசலம்.
"ஒன்னுமில்ல, தூங்கு" என்றேன்.

திருத்தம் ஒரே வரி:
கிளம்புமுன் டைமரை நிறுத்து, அது அடங்கும்வரை காத்திரு.
நாலு பத்துக்கு டிரம் சுற்றியது.
முப்பது தோல் போச்சு என்றார் பாய், சலாம் சொல்லி வைத்துவிட்டார்.
காட்பாடிப் பக்கம் ஏதோ ஒரு ரயில் ஊதியது.

எஸ்.எம்.எஸ். பட்டியலைத் திறந்தேன்.
பதினொரு எண்கள். ஒன்றுக்கும் பெயர் போடவில்லை.
தணிகாசலத்துடையதை என் போனில் பார்த்து நீக்கினேன்.
மிச்சம் பத்தும்
இன்று ராத்திரி யார் யார் தலையணைக்கடியில் அதிர்ந்தனவோ.