பதினேழு பங்கு வெயில்

பள்ளத்தூர் இ-சேவை மையம், என் மேசைக்கு எதிரே
நாலாவது முறையாக வந்து உட்கார்கிறார்
சிகப்பி ஆச்சி, எல்.ஐ.சி. முகவர்.
ஊரில் பாதிப் பேரின் சாவுக்குப் படிவம் நிரப்பியவர்.
தன் குளியலுக்கு ஒன்று நிரப்பத் தெரியவில்லை என்கிறார்,
சிரித்துக்கொண்டே.

சூரிய வெந்நீர்க் கலன், நூறு லிட்டர்.
விலையில் மூன்றில் ஒன்றை அரசு தரும்.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
'வீட்டு உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில்
ஒரே ஒரு கட்டம்.

வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
உரிமையாளர்கள் பதினேழு பேர்.
ஈப்போவில் மூவர், அண்ணாநகரில் ஐவர்,
டல்லஸில் ஒருவர், நம் பகலெல்லாம் அவர் தூங்குவார்.
கோர்ட்டில் இருவர், ஒருவர் மேல் ஒருவர்.
ஒரு பங்கு இன்னும் மைனர், பத்தாம் வகுப்பு.
மின் இணைப்பு அட்டையில் இருப்பவரோ
அறுபத்தெட்டில் இறந்துவிட்டார்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அவர் பெயருக்கு பில் வருகிறது, ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்.
ஆதார்தான் இல்லை.

ஆட்சேபணை இல்லையென்று
பதினாறு பேர் எழுதித் தர வேண்டும்.
ஆச்சி வாட்ஸ்அப்பில் குழு அமைத்தார்.
கோயமுத்தூர் அடைக்கப்பன் கேட்டார்: பளு எத்தனை கிலோ?
ஈப்போ உமையாள்: என்ன கலர், ஓட்டுக்கு ஒத்துப்போகுமா?
அண்ணாநகர் பெரிச்சியப்பன், ஓய்வுபெற்ற ஆடிட்டர்,
நிதானமாகத் தட்டினார்:
"தெற்குத் தளம் எங்கள் பங்கு. வெயில் அங்கேதான் விழும்.
உன் பங்கு வடக்கே, மாடி நிழலில்.
வெந்நீர் உனக்கென்றால்
வெயில் யாருடையது?"

எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக்.
ஒருவரும் எழுதவில்லை.
நான் ஸ்டேப்ளரை எதற்கோ திறந்து மூடினேன்.

இந்த ஊர் வெயிலில் வெந்நீர் எதற்கு ஆச்சி
என்று முதல் நாள் கேட்டவள்தான் நானும்.
எங்கள் லைன் வீட்டு மாடியில் கறுப்புத் தொட்டி.
சித்திரையில் உச்சிப் பொழுதுக்குக் குழாயைத் திறந்தால்
கை பொத்துப்போகும்.
விண்ணப்பமும் இல்லை, மானியமும் இல்லை.

அன்று அவர் பதில் சொல்லவில்லை.
புடவைக் கரையைக் கணுக்காலுக்கு மேல்
நாலு விரல் தூக்கிக் காட்டினார்.
சுட்ட கத்தரிக்காய்த் தோல்போல ஒரு தழும்பு.

மார்கழி, விடியுமுன் ஐந்து மணி.
அடுப்படி பின்தெருப் பக்கம். குளியலறை முன்கட்டில்.
இடையில் எண்பத்தாறு எட்டு, மூன்று நிலைப்படி.
மூன்றாவதில் வாளி தடுக்கியது.
"கத்தினேன்" என்றார்,
"வீடு ரொம்பப் பெரிசு."

வியாழன் நள்ளிரவு டல்லஸிலிருந்து முதல் கையெழுத்து வந்தது.
அதைப் பார்த்து ஈப்போ. ஈப்போவைப் பார்த்துக் கோயமுத்தூர்.
மைனருக்காக அவன் அம்மா.
ஆடிட்டர் அதிகாலையில் அனுப்பினார்:
"என் உரிமைக்குப் பாதகமின்றி, சம்மதம்."
கோர்ட்டில் இருக்கும் இருவரும்
பத்தொன்பது வருடத்தில் முதல்முறை ஒத்துப்போனார்கள்.
இருவருமே பதில் போடவில்லை.

போதாதுதான்.
இருந்தாலும் வெள்ளி மதியம்
அந்த ஒரே கட்டத்தில் தட்டினேன்:
சிகப்பி மற்றும் பதினாறு பேர்.
கட்டம் பாதியில் நின்றது. அதற்குமேல் எழுத்து ஏறவில்லை.
திரையில் இருந்தது:
சிகப்பி மற்றும் பதி

ஆச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"பதியா? அவர் சொல்லாமல் போய்ப் பதினொரு வருஷமாச்சே.
இருக்கட்டும், விடு.
அரசாங்கமாவது கூட்டிவந்து வைக்கட்டும்."
சிரிப்பில் அவருக்கு இருமல் வந்தது.
தண்ணீர் கொடுத்தேன், பாட்டில் தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது.

அனுப்பினேன். சுற்றியது, சுற்றியது.
ஒப்புகை எண் வந்தது. நிலை: பரிசீலனையில்.
அறுபது ரூபாய் கட்டணம், நூறுக்குச் சில்லறை இல்லை,
அடுத்த தடவை வாங்கிக்கிறேன் என்றார்,
அடுத்த தடவை உண்டு என்று தெரிந்தவராக.

வாசலில் வெயில் காய்ந்தது.
செருப்பை மாட்டிக் கொஞ்சம் தயங்கி நின்றார்.
பிறகு, பதினான்கு சம்மதமும் ரசீதும் இருந்த கோப்பைத்
தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
எதிர்ச்சாரி நிழலுக்கு
ஓட்டமும் நடையுமாகப் போனார்.