சுவரொட்டி எண் நாற்பத்தொன்று

சேலத்தில் ஏறியபோது சுருட்டிய படம் மடியில் இருந்தது.
கூட்டம் சேர்ந்ததும் எழுந்து
கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.
தூண்டிலா, என்றார் நடத்துநர்.
மண்டல நிலத்தடி நீர் மாநாடு என்று சொல்ல
வாய் வரவில்லை.
ஆமாம் என்றேன்.

தருமபுரியில் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம்.
மணமகன் அறை என்ற பலகைக்குக் கீழே
தொழில்நுட்ப அமர்வு இரண்டு என்று தாள் ஒட்டியிருந்தார்கள்.
பதிவு மேசையில் ஒரு ஜிப் பை, ஒரு பேனா, சாப்பாட்டுக் கூப்பன்கள்.
கழுத்து அட்டையில் என் பெயர் யாழினி.
நான் யாழிசை.
திருத்தச் சொன்னேன்.
உள்ள போனா எல்லாரும் மேடம்தான், விடுங்க, என்றாள் அந்தப் பெண்.

மாணவர்களின் சுவரொட்டிகளுக்கு
கைகழுவும் தொட்டிக்கு எதிர்ச் சுவர்.
சுண்ணாம்பில் டேப் நிற்கவில்லை.
மேல் மூலையை ஒட்டினால் கீழ் மூலை உரிந்தது.
மூன்று கோடை, நூற்றுப் பன்னிரண்டு கிணறுகள்,
என் ஸ்கூட்டரின் இரண்டு டயர்கள்
எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கின.

மேடையில் ஆறு நாற்காலி,
ஆறு மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்.
ஃப்ளோரைடு பற்றி நாற்பது நிமிடம் பேசியவர்
இடையில் ஒன்றைத் திறந்து குடித்தார்.

உணவு இடைவேளையில்
ஈரக் கையோடு ஒரு பேராசிரியர் நின்றார்.
யார்கிட்ட பண்றீங்க?
சொன்னேன்.
ஓ, அவரா, என்றார்.
என் அட்டவணை மூன்றின் மேல்
அவர் உதறிய நீர் இரண்டு சொட்டு.

முழுக்கப் படித்தவர் ஒருவர்தான்.
சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
தலைப்பிலிருந்து நன்றியுரை வரை.
எண்களுக்கு உதடு அசைந்தது.
இது நம்ம ஜில்லாங்களா?
ஆமாம்.
செவப்பு?
குடிக்கக் கூடாது.
மஞ்சள்?
பார்த்துக் குடிக்கணும்.
நீலம் நல்லதுன்னு வச்சிக்கலாம், என்று அவரே சொல்லிவிட்டு
பாலக்கோட்டுக்கு மேற்கே விரலை நகர்த்தினார்.
ஒட்டுப்பாறைக் கொட்டாய்.
எங்கூரு வெள்ளையா இருக்குதுங்க.
வெள்ளைன்னா ரொம்ப நல்லதுங்களா?

எனக்கு வாசிப்புக்கு எட்டு நிமிடம்,
கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று பழகியிருந்தேன்.
கேட்கக்கூடிய பதினைந்து கேள்விகளை
விடுதிச் சுவரில் எழுதி வைத்திருந்தேன்.
இது அதில் இல்லை.

வெள்ளைன்னா, நான் அங்க வரலைங்க.

அவர் பெயர் மாதையன்.
முன்பல்லில் பழுப்புக் கோடு இருந்ததா என்று
நான் பார்த்தேனா?
பார்த்தேன்.
அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.
பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, காபி பாய்லருக்குப் பின்னாலிருந்து
இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்து நீட்டினார்.
மேடையில் நேற்றுக் காலியானவை.
பிளாஸ்திரியில் பேனாவால் எழுதியிருந்தது:
யாழினி மேடம், பள்ளிக்கூடத்துப் பம்பு.
யாழினி மேடம், வீடு.
நீங்க சொன்ன மாதிரியே
அதே தண்ணில மூணு தடவை அலசினேங்க.
ராத்திரி பதினொன்றுக்கு மண்டபம் விட்டவர்
எப்போது போனார், எப்போது வந்தார்?
கேட்பதற்குள் யாரோ சட்னி என்று கத்தினார்கள்.

நிறைவு விழாவில் சிறந்த சுவரொட்டிப் பரிசு
ஓசூர்ப் பையனுக்கு.
நல்ல படம்தான், கைதட்டினேன்.
என் சான்றிதழிலும் யாழினி.
இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது.
படத்தை மேலே போட்டுவிட்டேன்.
பாட்டில்கள் மடியில்.
பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண்,
வெயிலில் இருவருக்கும் முகம் சிவந்திருந்தது.
ஒரு வாய் தண்ணி குடுங்க, பாப்பாவுக்கு.

இது குடிக்கிறதுக்கு இல்லீங்க, என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
முட்ட முட்ட நிறைந்த இரண்டு பாட்டிலையும் பார்த்தாள்.
குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆய்வகம் திங்கட்கிழமை திறக்கும்.
தொப்பூர் இறக்கம் முழுக்க
ஒட்டுப்பாறைக் கொட்டாய்
என் முழங்கால்களில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.