தாடையில் பார்த்த நிறம்

விடிய மூன்று பத்து.
ஸ்கூட்டியின் முன்பலகையில் பெட்டி,
இரண்டு முழங்காலாலும் அதை இறுக்கிக்கொண்டு
கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தேன்.
வீட்டில் எல்லாரும் முழிப்பு, பொம்பிளையைத் தவிர.
கதிரையில் இருந்தபடியே தூங்கிவழிகிறாள் கோபிதா.
நல்லது. நித்திரை முகம் இளகின முகம்,
கிறீமை மறுக்காமல் வாங்கும்.

முதலில் ஃபானை நிற்பாட்டச் சொன்னேன்.
சித்தப்பா ஒருவர் முறைத்தார்.
பவுடர் பறக்கும் ஐயா,
பிறகு உங்கட வேட்டிக்குத்தான் மேக்கப்.

ரியூப்லைற்றை நம்பக்கூடாது.
எல்லாரையும் அவித்த கத்தரிக்காயாக்கும் அது.
என் விளக்கைக் கொளுவினேன்.
நிறத்தைக் கையில் பார்ப்பவர்கள் கடைக்காரர்கள்.
கை வெயில் கண்டது, பள்ளிக்குச் சைக்கிள் ஓடியது.
தாடையோரம் மூன்று கோடு இழுத்தேன்.
நடுக்கோடு பார்த்திருக்கக் காணாமல் போனது.
அதுதான் அவள் நிறம்.
காணாமல் போனது என்று
இந்த ஊரில் நான் உரத்துச் சொல்வதில்லை.
தோலோடு சேர்ந்தது என்பேன்.

"பிள்ளை, இன்னும் ரெண்டு படி வெள்ளையாய்...
மாப்பிள்ளை ஆக்கள் சூரிச்சில இருந்து வருகினம்"
என்றா தாய்.

இரண்டு படி ஏற்றினால்
ஓமப் புகையிலும் வேர்வையிலும்
பத்து மணிக்கு முகம் சாம்பல் பூக்கும்.
இதை விளங்கப்படுத்த இருபது நிமிடம் வேண்டும்.
முகூர்த்தம் ஏழு பத்துக்கு.
வெளிறின போத்தலை அவவின் கண்முன் குலுக்கினேன்,
மகளின் கண்ணுக்குக் கீழே மும்மூன்று புள்ளி வைத்தேன்.
பொய்யில்லை. அந்தப் போத்தல் அதற்குத்தான்.
அவ நிம்மதியாய் மாலை எண்ணப் போனா.

ஸ்பொஞ்சை நனைத்து, பிழிந்து,
இன்னொருக்கால் பிழிந்து.
தேய்ப்பதில்லை, ஒற்றுவது.
மூக்கின் மடிப்பில், காதுக்குக் கீழே,
கழுத்தில், கூறை தொடங்கும்வரை.
கழுத்தை மறந்தால்
வேறொருத்தியின் தலையைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கும்.

நாலு நாற்பது.
ஒரு கண் முடிந்தது. மையின் வால்
புருவ நுனியைப் பார்த்து நின்றது.
அப்போது போன் அடித்தது.
திரையில் பெயரில்லை, ஒரு சின்ன மீன் படம்.
வெட்டினாள்.
திரும்ப அடித்தது. வெட்டினாள்.
மூன்றாந்தரம் அடிக்கவில்லை.
அதற்குத்தான் அழுகை வந்தது,
முடிந்த கண்ணில் இருந்து மட்டும்.

"அக்கா, அழிஞ்சிட்டுதோ?"
அழியாது. மேல பாருங்கோ.
ரிசுவை முக்கோணமாய் மடித்து
நுனியை இமையின் கீழ்விளிம்பில் வைத்தேன்.
துடைக்கக்கூடாது. அதுவே குடிக்கும்.
அழாதே என்றும் சொல்லக்கூடாது,
அடக்கினால் மூக்குச் சிவக்கும்,
சிவப்புக்குப் பச்சை பூசவேணும்,
பச்சைக்கு மேலே மறுபடி முதலில் இருந்து.
வாயால மூச்சு விடுங்கோ.
இருநூற்றுச் சொச்சம் பொம்பிளைகளில் பழகினது இது.

தாய் கதவைத் தட்டினா.
"சடைநாகம் கொளுவுப்படேல்லை, ஆறு நிமிசம்" என்றேன்.
எத்தனை நிமிடமென்று எனக்குத் தெரியும்.

மற்றக் கண்ணுக்கு வந்தபோது
அவளாகவே சொன்னாள்:
"கொஞ்சம் தடிப்பாய்க் கீறுங்கோ."
கீறினேன்.
முதற்கண்ணையும் அதற்கேற்பத் தடிப்பாக்கினேன்.
கடைசியாய் உதடு. ரிசுவைக் கடிக்கச் சொன்னேன், கடித்தாள்,
வேண்டியதைவிடப் பலமாய்.

வெளியே வாகனம்.
"பாருங்கோவன், என்ன வெள்ளை!"
தாய் எல்லாருக்கும் காட்டினா.
கோபிதா என்னைப் பார்த்தாள். நான் பிறஷ்களை எண்ணினேன்.
பதினேழு.

கிணற்றடிப் பைப்பில் ஸ்பொஞ்சைப் பிழிய
காவித்தண்ணீர் வாழைக்கு ஓடிற்று.
மிச்சக் காசு நாலாம் சடங்கு முடியத் தருவினமாம்.
கழுவாத முகத்தில் ஹெல்மெற்றைக் கொளுவினேன்.
ஒன்பது மணிக்கு அரியாலையில் சாமத்தியவீடு.
அவளுக்குப் பதின்மூன்று. அழமாட்டாள்,
சிரித்துக்கொண்டே இருப்பாள். அது இன்னும் கரைச்சல்.
கன்னம் ஓரிடத்தில் நில்லாது,
சிவப்பை எங்கே வைப்பது?