நான்காம் தொட்டி

ஹம்ரியாவில் மூன்று நாளாய்
நான்காம் தொட்டி மணக்கவில்லை.
வாழைப்பழ மிட்டாய்க்குப் போக வேண்டிய வாசனை.
சர்க்கரை இறங்குகிறது, நுரை எழுகிறது,
மாதிரிக் குழாயைத் திறந்தால்
பச்சை மாவும் ஈரத்துணியும்தான்.

ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது,
விருந்துக்கு வந்து பேசாமல் சாப்பிடுகிறவர் மாதிரி.

பொறியாளர் நவார் வெல்லப்பாகைச் சந்தேகித்தார்.
லாரிக்காரனைச் சந்தேகித்தார்.
பிறகு, மரியாதையாக, என்னை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
அந்த வாசனையைச் செய்து முடிக்கும் நொதிக்கு
ஏடிஎஃப் ஒன்று என்றொரு மரபணு.
எழுத்து தொடங்குவதற்குச் சற்று முன்னால்
காவலுக்கு இடம் விட்டிருக்கிறது.
காற்று தாராளமாக இருந்தால்
ராக்ஸ் என்கிற புரதம் வந்து அங்கே உட்காரும்,
கூட இரண்டு பேரை அழைத்து வரும்.
மூவரும் எதையும் உடைப்பதில்லை, அழிப்பதில்லை.
உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
படிக்க வந்தவர் திரும்பிப் போகிறார்.

காற்று குறைந்தால் எழுந்துவிடுவார்கள்.
மூச்சு முட்டும்போதுதான் அது பழமாய் மணக்கிறது.
தயவுசெய்து இதை உவமையாக்க வேண்டாம்.
சஜ்ஜா கேம்ப்பில் மூச்சு முட்டியவர்களை எனக்குத் தெரியும்,
அவர்கள் மணக்கவில்லை.

ஆனால் காற்றுமானி பூஜ்யத்தில் நின்றது.

இரவு இரண்டரைக்கு கோகர்ண தாபா
கையுறையைக் கழற்றாமல் சொன்னான்:
நுரையடக்கி தீர்ந்துபோச்சு தீதி,
ஜபல் அலியிலிருந்து வர நாலு நாளாம்,
மெஸ்ஸில் கேட்டு வாங்கினேன்.
சூரியகாந்தி எண்ணெய்.
ராத்திரிக்கு மூணு கரண்டி. கொஞ்சம்தான்.

நுரை அடங்கியிருந்தது. மரபணுவும்.
அந்தக் கொழுப்பின் உடம்பில் இரண்டு மடிப்பு உண்டு,
செல்லின் தோலுக்கு அப்படி மடிந்தது வேண்டும்.
வெளியிலிருந்தே வருகிறதென்றால்
உள்ளே எதற்குச் செய்வானேன் என்று
கொழுப்புப் பட்டறையைப் பூட்டுகிறது.
அதே சாவிக்கொத்தில்
வாசனை அறையும்.

காலையில் பதிவேடு.
'காரணம்' என்று ஒரு கட்டம், தீப்பெட்டி அகலம்.
தாபாவின் விசா ஆகஸ்டில் முடிகிறது.
காற்று வால்வின் ரப்பர் வளையம்
லேசாக வெடித்திருந்தது. அதுவும் நிஜம்.
வளையம் என்று எழுதினேன்.
எண்ணெயை நான் அழிக்கவில்லை,
அதன் வாசலில்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நவார் பன்னிரண்டு வளையம் ஆர்டர் செய்தார்.

புதுத் தொட்டி, புது நுரையடக்கி.
இரண்டாம் இரவு, பாங்குக்கு முன்,
மூடியிடுக்கில் வந்தது:
பழுத்து, கொஞ்சம் அதிகமாய்ப் பழுத்து,
நகப்பூச்சின் ஓரம் தொட்ட மணம்.
தாபா இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு
எதுவும் சொல்லாமல் தரையைக் கழுவப் போனான்.

பழ ஈயைக் கூப்பிடத்தான் ஈஸ்ட் மணக்கிறது
என்று ஒரு கருத்து உண்டு.
இறக்கை இல்லாதது
இறக்கை உள்ளதன் காலில் ஒட்டிக்கொண்டு
வேறு பழத்துக்குப் போய்விடுமாம்.
இங்கே யார் வரப்போகிறார்கள்?
வெளியே நாற்பத்தாறு டிகிரி, உப்புத்தரை,
வேலி, இரட்டைக் கதவு, நீலவிளக்குப் பொறி.

மாதிரிக் குழாயின் நுனியில்
ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
சிவந்த கண்.

பதிவேட்டில் அதற்கும் கட்டம் உண்டு, 'பூச்சி' என்று.
தாபா கையை ஓங்கினான்.
பிறகு என்னைப் பார்த்தான்.